மூட்டை இருந்தது, குடம் காலி: நெல்லைச் சீமையின் மூன்று நெருக்கடிகளும் ஒரு வீட்டுக் கணக்கும்

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. மார்கழி முதல் நாள். அன்று முழுக்க மழை விடவில்லை. மறுநாள் காலை அளந்தபோது காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62 பதிவாகியிருந்தது. மலையில் பெய்ததும் அணைகளில் இருந்து திறந்துவிட்டதும் காட்டோடைகளில் வந்ததும் ஒன்றாகச் சேர, தாமிரபரணி கரையை மீறியது. திருநெல்வேலியில் ஜங்ஷன், சிந்துபூந்துறை, கைலாசபுரம், மீனாட்சிபுரம், வண்ணார்பேட்டை என்று ஆற்றை ஒட்டிய பகுதிகளில் தண்ணீர் ஏறியது. கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீசுக்குள்ளேயே தண்ணீர். திருச்செந்தூரில் இருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. அதில் பெரும்பாலோர் 19ஆம் தேதிதான் வெளியே வர முடிந்தது.

அந்த வாரம் ஒரு சராசரி வீட்டில் எது எந்த வரிசையில் நின்றது என்று எழுதிப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். முதலில் கரண்ட். அதை ஒட்டியே செல்போன் சிக்னல், ஏனென்றால் டவருக்கும் பேட்டரி சில மணி நேரம்தான். விடிந்ததும் பால் இல்லை. பிறகு குழாய்த் தண்ணீர். ஆற்றுக்குள் இருக்கும் உறைகிணறுகளும் நீரேற்று நிலையங்களும் சேதமானதால், மழை விட்டு வெயில் அடித்த பிறகும் குழாயில் தண்ணீர் வரவில்லை. அரிசிக்குத் தட்டுப்பாடு வந்த வீடு மிகக் குறைவு. ரேஷன் அரிசியே பாதி மாதத்துக்கு மேல் தாங்கும் ஊர் இது.

தினம் வருவதுதான் முதலில் நிற்கும். மூட்டையில் இருப்பது கடைசியில்தான் தீரும். நாமோ ஏதாவது பதற்றம் என்றதும் பையைத் தூக்கிக்கொண்டு முதலில் அரிசிக் கடைக்குத்தான் ஓடுகிறோம்.

கணக்குக்கு ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மீனாட்சிபுரம் பக்கம், ஆற்றில் இருந்து நடக்கிற தூரம். கீழே பட்டாசல் (கூடம்), அடுக்களை, ஒரு படுக்கையறை. மேலே மொட்டைமாடியில் ஒரு சின்ன அறை. ஐந்து பேர்: சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடும் ஆச்சி, தூத்துக்குடிக்கு வேலைக்குப் போய்வரும் மகன், மருமகள், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். மாடியில் ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ், வாசலில் மூவாயிரம் லிட்டர் சம்ப், 150 ஆம்பியர் பேட்டரியோடு ஒரு இன்வெர்ட்டர். இந்த வீட்டை 2018 மே, 2020 மார்ச், 2023 டிசம்பர் மூன்றுக்குள்ளும் நுழைத்துப் பார்ப்போம்.

மூன்றும் மூன்று விதம்

2018 மே 22, தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள். அன்றும் மறுநாளும் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். 23ஆம் தேதி தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இணையத்தை நிறுத்த அரசு உத்தரவிட்டது. நம் வீட்டில் கரண்ட் இருந்திருக்கும், தண்ணீர் வந்திருக்கும், சிலிண்டர் எரிந்திருக்கும். ஆனால் மகன் தூத்துக்குடியில் இருக்கிறான், பஸ் இல்லை, வாட்ஸப் இல்லை.

2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் தடை உத்தரவு, அன்று நள்ளிரவு முதல் நாடு முழுக்க ஊரடங்கு. இதில் எல்லாரும் வீட்டுக்குள். தண்ணீர், கரண்ட், போன் எதற்கும் குறைவில்லை. கடை உண்டு, நேரம்தான் இல்லை: ஏப்ரல் 5 முதல் மளிகை, காய்கறிக் கடைகள் காலை 6 முதல் மதியம் 1 வரை. அடிபட்டது வருமானமும், வழக்கமாக வாங்கும் மருந்தும்.

2023இல் எல்லாமே நின்றது, கூடவே இருப்பும் நனைந்தது. முன்யோசனையோடு வாங்கி வைத்த மூட்டை கீழ்த்தளத்தில் இருந்தால் அது தயாரிப்பே இல்லை. கலவரத்துக்கு நல்லது வீட்டுக்குள் அடைந்து இருப்பது; வெள்ளத்துக்கு நல்லது எதையும் தூக்கிக்கொண்டு நகரத் தயாராக இருப்பது. இரண்டுக்கும் ஒரே ஏற்பாடு பொருந்த வேண்டுமானால் இருப்பு மொத்தமும் மாடி அறையில், ஒரு ஆள் தூக்கும் எடையில் பிரித்து இருக்க வேண்டும். 26 கிலோ மூட்டையை இருட்டில் ஆச்சியோ மருமகளோ மாடிக்கு ஏற்ற முடியாது. ஐந்து கிலோ டப்பாவாக ஐந்து இருந்தால் பிள்ளைகளே ஏற்றிவிடுவார்கள்.

'92 வெள்ளத்துக்கே நம்ம வாசப்படி தாண்டல' என்பது ஆற்றங்கரைத் தெருக்களில் அடிக்கடி கேட்கிற வாக்கு. 1992 நவம்பர் வெள்ளத்தின் அளவு அது. அதற்குப் பிறகு ரோடு எத்தனை தடவை மேலே மேலே போடப்பட்டிருக்கிறது, வாய்க்கால் எங்கே அடைபட்டிருக்கிறது, பக்கத்து மனை எவ்வளவு மண் கொட்டி உயர்த்தப்பட்டிருக்கிறது என்பதை அந்த வாக்கு பார்ப்பதில்லை. பாளையங்கோட்டை மேட்டில் இருக்கிறவர்களுக்கு வீட்டுக்குள் தண்ணீர் வராமல் போகலாம். குழாய்த் தண்ணீரும் பாலும் நிற்பது அவர்களுக்கும் பொது.

தண்ணீர்: இங்கேதான் அதிகம் தவறுகிறோம்

குடிக்கவும் சமைக்கவும் ஒரு ஆளுக்கு நாளைக்கு 4 லிட்டர் என்று வைத்தால் ஐந்து பேருக்கு 20 லிட்டர், அதாவது ஒரு கேன். ஏழு நாளுக்கு 140 லிட்டர். நான்கு கேன் 80 லிட்டர், 15 லிட்டர் குடம் நான்கு 60 லிட்டர், சரியாகப் போயிற்று. நான்கு கேனும் எப்போதும் நிறைந்திருக்க வேண்டும் என்பதில்லை. இரண்டு நிறைந்ததும், கழுவிக் கவிழ்த்த இரண்டு காலியும் போதும். எச்சரிக்கை வந்ததும் குழாயில் பிடித்துக்கொள்ளலாம். ஒரே ஒரு கேனை வைத்து, தீரத் தீர ஆள் வந்து மாற்றிப் போகும் வீட்டில் உண்மையான இருப்பு சராசரியாக அரைக் கேன்தான்.

குளிக்க, கழுவ, கக்கூசுக்கு ஆளுக்கு 10 லிட்டர் என்று இறுக்கிப் பிடித்தால் நாளைக்கு 50. ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் நிறைந்திருந்தால் இருபது நாள். வழக்கம்போலக் குழாயைத் திறந்துவிட்டால் இரண்டு நாள். பெரிய ஓட்டை ஃபிளஷ் தொட்டி. ஒரு அழுத்தலுக்கு 10 லிட்டர் வரை போகும். அதற்கு வரும் வால்வை மூடிவிட்டு, அங்கணத்தில் பாத்திரம் கழுவிய தண்ணீரை வாளியில் பிடித்து நான்கைந்து லிட்டராக ஊற்றினால் போதும்.

இப்போது பெரிய தவறு. வெள்ளத் தண்ணீர் வாசலுக்கு வந்தால் சம்ப் மூடியின் இடுக்கு வழியாக உள்ளே இறங்கும். அதில் செப்டிக் டேங்க் தண்ணீரும் கலந்திருக்கும். இரண்டு நாள் கழித்துக் கரண்ட் வந்ததும் கை தானாக மோட்டார் சுவிட்சுக்குப் போகும். அந்தப் பத்து நிமிடத்தில், அதுவரை சுத்தமாக இருந்த மாடித் தொட்டியும் கெட்டுப்போகும். சென்சார் வைத்துத் தானாக ஓடும் மோட்டார் என்றால் யாரும் தொடாமலே கெடும். ஆகவே மழை எச்சரிக்கை வந்த அன்றே தொட்டியை வழிய நிரப்பி, மோட்டாரின் மெயினை இறக்கி, சுவிட்சின் மேல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிவிட வேண்டும்: 'சம்ப் கழுவாமல் போடாதே'.

சம்பைச் சுத்தம் செய்ய, கெட்ட தண்ணீரை முழுக்க இறைத்து, சுவரைத் தேய்த்துக் கழுவி, நல்ல தண்ணீர் நிரப்பி, ஆயிரம் லிட்டருக்கு 150 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து 12 மணி நேரம் விட்டு, அதையும் வடித்து, பிறகுதான் புழங்குகிற தண்ணீர் பிடிக்க வேண்டும். சம்பில் இறங்கும் முன் மூடியைப் பல மணி நேரம் திறந்து வைக்க வேண்டும். மேலே ஒரு ஆள் நிற்காமல் யாரும் தனியாக இறங்கக் கூடாது. வெள்ளத்தில் பிழைத்து, மூச்சுத் திணறிச் சாவது இங்கேதான்.

குடிக்கிற தண்ணீருக்கான அளவு வேறு. தெளிந்த தண்ணீர் ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம், ஏறக்குறைய ஒரு மட்டமான தேக்கரண்டி. நேரே தொட்டியில் கொட்டாமல், ஒரு வாளித் தண்ணீரில் கரைத்துப் பத்து நிமிடம் வைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே தெளிந்ததை மட்டும் ஊற்ற வேண்டும். அரை மணி நேரம் கழித்து லேசான குளோரின் வாசனை இருந்தால் சரி. வாசனையே இல்லை என்றால் பவுடர் செத்துவிட்டது. திறந்த பாக்கெட்டைக் குளியலறையில் வைத்தால் சில மாதத்தில் வீரியம் போய்விடும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், உலர்ந்த இடத்தில், தகர டப்பாவைத் தவிர்த்து வைக்க வேண்டும்.

கலங்கிய தண்ணீரில் எவ்வளவு பவுடர் போட்டாலும் பாதி வீண், மண்ணே அதைத் தின்றுவிடும். முதலில் தெளிய வைக்க வேண்டும். ஆற்றுத் தண்ணீர் மோந்த காலத்துத் தேத்தாங்கொட்டை இன்றும் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிறது. மண்பானையின் உள்பக்கத்தில் அதை உரசிவிட்டுத் தண்ணீர் ஊற்றி வைத்தால் கலங்கல் அடியில் படியும். ஆனால் அது மண்ணைத்தான் இறக்கும், கிருமியைக் கொல்லாது. இறுத்து, நான்காக மடித்த வேட்டித் துணியில் வடிகட்டி, தளதளவென்று கொதிக்கவிட்டு ஆறவைத்துத்தான் குடிக்க வேண்டும். ஆர்.ஓ. மெஷின் இருக்கிறதே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கரண்டும் குழாய் அழுத்தமும் இல்லாவிட்டால் அது சுவரில் மாட்டிய பெட்டி.

வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பைக் கண்ணளவில் கூட்டிப் போடக் கூடாது, சின்னப் பிள்ளைகளுக்கு அது ஆபத்து.

கரண்ட், போன், சேதி

150 ஆம்பியர் 12 வோல்ட் பேட்டரி என்றால் கணக்கில் 1,800 வாட்-மணி. இன்வெர்ட்டர் இழப்பும் பேட்டரியை அடிவரை இறக்கக் கூடாது என்பதும் போக, கைக்கு வருவது சுமார் 1,100. பழைய 75 வாட் விசிறி இரண்டு, 9 வாட் பல்பு மூன்று ஓடினால் ஆறு மணி நேரம். 2012 காலத்து மின்வெட்டுப் பழக்கத்தில் நாம் இன்வெர்ட்டரை விசிறிக்காகத்தான் வாங்கினோம். கரண்ட் எப்படியும் அடுத்த ஷிப்டில் வந்துவிடும் என்ற நம்பிக்கை. மூன்று நாள் வராது என்று தெரிந்தால் கணக்கை மாற்ற வேண்டும். ஒரு போனை முழுக்கச் சார்ஜ் செய்ய இழப்பும் சேர்த்து 25 வாட்-மணி போதும். ஒரு விசிறி ஒரு ராத்திரி சுற்றும் மின்சாரத்தில் போனை இருபது தடவைக்கு மேல் ஏற்றலாம். மார்கழி வெள்ளத்தில் விசிறியை அணைத்துவிடலாம். அக்கினி நட்சத்திரத்தில் ஆச்சி உள்ள வீட்டில் முடியாது. அங்கே 30 வாட் இழுக்கும் பி.எல்.டி.சி. விசிறி ஒன்று மாட்டியிருந்தால் அதே பேட்டரி இரண்டு ராத்திரிக்கு மேல் தாங்கும்.

இன்வெர்ட்டர் தரையில், மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்திருப்பது நம் வீடுகளின் பொது வழக்கம். அது முழங்கால் அளவுத் தண்ணீருக்கே போய்விடும். மேலே தூக்கி வைக்க முடிந்தால் நல்லது. 150 ஆம்பியர் பேட்டரி ஐம்பது கிலோவுக்கு மேல், அந்த ராத்திரி நகர்த்த முடியாது. சாதாரண நாளிலேயே எலெக்ட்ரீஷியனை வைத்து நான்கடி உயர ஸ்டாண்டில் ஏற்றிவிட வேண்டும். தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது என்றால் மெயினை மட்டும் இறக்கினால் போதாது. இன்வெர்ட்டரை அணைக்காவிட்டால் அது தன் பாட்டுக்குக் கீழ்த்தள பிளக் பாயிண்டுகளுக்கு மின்சாரம் அனுப்பிக்கொண்டிருக்கும்.

இணையம் நிற்பதும் சிக்னல் நிற்பதும் ஒன்றல்ல. 2018இல் நின்றது இணையம். சாதாரணப் பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் அதில் சேராது. ஆனால் பலருக்கு மனைவியின் நம்பர்கூட மனப்பாடமாகத் தெரியாது, வாட்ஸப் படத்தைத் தொட்டுத்தான் பேசிப் பழக்கம். இருபது நம்பரைப் பெரிய எழுத்தில் ஒரு அட்டையில் எழுதி ஆளுக்கு ஒன்று பையில் வைப்பது ஐந்து ரூபாய் வேலை. அதில் இவையும் இருக்கட்டும்: மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலம் 1070, அவசரம் 112, ஆம்புலன்ஸ் 108, மின்சாரப் புகாருக்கு மின்னகம் 94987 94987. கேஸ் புக்கிங்கும் சாதாரண போன் அழைப்பிலேயே முடியும். ஆப் மட்டும் தெரிந்தவர்கள் அந்த நம்பரையும் இப்போதே எழுதிக்கொள்ளலாம்.

சிக்னலே இல்லாதபோது மிஞ்சுவது ரேடியோ. செல் போட்ட ஒரு சின்ன ரேடியோ திருநெல்வேலி வானொலியைப் பிடிக்கும். போனிலேயே எஃப்.எம். இருந்தாலும் வயர் உள்ள ஹெட்செட் செருகாமல் பாடாது, அந்த வயர்தான் ஏரியல். ஒவ்வொரு தடவையும் 'அணை உடைஞ்சிருச்சு', 'குடிதண்ணியில விஷம்' என்று இரண்டு புரளி கட்டாயம் வரும். ஆற்றங்கரை வீட்டில் முதல் புரளி நள்ளிரவில் எல்லாரையும் தண்ணீருக்குள் இறக்கிவிடும் அளவுக்கு ஆபத்தானது. 1077இல் கேட்காமல், ரேடியோவில் கேட்காமல் யாரும் இறங்குவதில்லை என்று வீட்டுக்குள் முன்பே பேசி வைத்திருக்க வேண்டும்.

சில்லறையும் மருந்தும்

கூகுள்பே இருக்கிறது என்று பர்ஸில் நூறு ரூபாய்கூட இல்லாமல் திரிகிற காலம். இணையம் நின்றால் கடைக்காரரின் ஸ்பீக்கர் பெட்டியும் கார்டு மெஷினும் சேர்ந்து நிற்கும், ஏனென்றால் அந்த மெஷினுக்குள்ளும் ஒரு சிம்தான் இருக்கிறது. ஏ.டி.எம். வேறு இணைப்பில் ஓடலாம். ஆனால் பணம் நிரப்பும் வண்டி வராவிட்டால் முதல் நாளே காலி. 2016 நவம்பர் 8க்குப் பிறகு வந்த வாரங்களைக் கண்டவர்களுக்கு இன்னொன்றும் தெரியும்: பெரிய நோட்டு வைத்திருப்பதும் பணம் இல்லாததும் ஒன்றுதான். ஐந்தாயிரம் ரூபாயை இப்படிப் பிரித்து வைக்கலாம்: நூறு 25, ஐம்பது 20, இருபது 50, பத்து 50. பால்காரரிடம் ஐந்நூறை நீட்டினால் மீதி கிடைக்காது, மீதிக்கு இரண்டு பாக்கெட் கூட வாங்க வேண்டிவரும்.

மருந்துதான் மூன்று நெருக்கடியிலும் பொதுவாக இடித்தது. மாத்திரையைத் தீர்ந்த அன்று வாங்கும் பழக்கத்தை, பதினைந்து நாள் மீதி இருக்கும்போதே வாங்கும் பழக்கமாக மாற்றினால் போதும்; கூடுதல் செலவு ஒரே ஒரு தடவைதான். பிரஷர், சர்க்கரை, தைராய்டு, வலிப்பு மாத்திரைகளில் ஒன்றும் விட்டுப்போகக் கூடாது. டாக்டர் சீட்டின் நகல் தாளில் இருக்க வேண்டும். போனில் உள்ள படம் சார்ஜ் இருக்கும்வரைதான்.

ஆச்சியின் இன்சுலினுக்குத் தனிக் கவனம் வேண்டும். திறக்காதது 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். திறந்து புழங்குவது வெயில் படாத, 30 டிகிரிக்கு மேல் போகாத இடத்தில் பெரும்பாலும் நான்கு வாரம் தாங்கும். மருந்தோடு வரும் தாளில் அந்த வகைக்கான நாள் கணக்கு இருக்கும். கரண்ட் போனால் ஃபிரிட்ஜைத் திறக்காமல் வைத்தால் சில மணி நேரம் குளிர் நிற்கும். அதன் பிறகு பானை வழி: பெரிய மண்பானைக்குள் சின்னப் பானை, இடையில் ஈர மணல், மேலே ஈரத்துணி. மருந்து பாலித்தீன் பையில் கட்டி உள்ளே. வறண்ட காற்று அடிக்கும் மே மாதத்தில் இது நன்றாகக் குளிரும். மழைக்காலத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் குளிர்ச்சி குறைவு, ஆனால் அப்போது வெயிலும் இல்லை. ஐஸ் கட்டியை ஒட்டி வைத்து உறைந்துபோன இன்சுலினைத் தூக்கி எறிய வேண்டியதுதான்.

அடுக்களை

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் நம் ஆச்சிமாருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐந்து பேருக்கு நாளைக்கு ஒன்றே முக்கால் கிலோ அரிசி என்றால் 14 நாளுக்கு 24.5 கிலோ, ஒரு மூட்டை. பருப்பு வகை 4 கிலோ, எண்ணெய் 2 லிட்டர், உப்பு 1 கிலோ, சர்க்கரையும் கருப்பட்டியும் சேர்த்து 2 கிலோ, நாளுக்கு அரை லிட்டர் பால் என்ற கணக்கில் பால்பவுடர் 1 கிலோ. அவல், பொரிகடலை, சத்துமாவு தலா ஒரு கிலோ; இவை அடுப்பே இல்லாமல் வயிற்றை நிறைக்கும். சுண்டைவற்றல், மோர்மிளகாய், நார்த்தங்காய் ஊறுகாய், கருவாடு இருந்தால் காய்கறி இல்லாத குறை தெரியாது. நயினார்குளம் சந்தைக்கு லாரி வராவிட்டால் ஊருக்கே காய் இல்லை. கிழங்கு, பூசணி, சின்ன வெங்காயம் மட்டும் பத்து நாள் தாங்கும்.

மூட்டையை அப்படியே வைத்து ஆறு மாதம் கழித்துத் திறந்தால் வண்டுதான். அரிசியை நிழலில் உலர்த்தி, டப்பாவில் வசம்புத் துண்டோ காய்ந்த வேப்பிலையோ போட்டு, தேதி எழுதி, பழையதை முதலில் எடுத்துப் புதியதைப் பின்னால் வைக்க வேண்டும். பலர் 'அவசரத்துக்கு' என்று வழக்கமாகச் சாப்பிடாத நூடுல்ஸ் பாக்கெட்டாக வாங்கி அடுக்குகிறார்கள். பிள்ளைகள் முதல் வாரமே தின்றுவிடுவார்கள், ஆச்சி தொடவே மாட்டார்.

14.2 கிலோ சிலிண்டர் நாளைக்கு 350 கிராம் எரிந்தால் நாற்பது நாள். ஒன்று எரிய ஒன்று நிறைந்து இருந்தால் கவலை இல்லை. ஒற்றை சிலிண்டர் வீடு என்றால் முப்பதாவது நாளே புக் செய்துவிட வேண்டும். சமையலையும் மாற்றலாம்: சோறு, குழம்பு, கூட்டு என்று மூன்று அடுப்பு வேலைக்குப் பதில் உளுந்தம்பருப்புச் சோறு அல்லது கூட்டாஞ்சோறு, ஒரே குக்கரில். மிஞ்சிய சோற்றில் நல்ல தண்ணீர் ஊற்றி வைத்தால் காலைக்குப் பழையது. ஃபிரிட்ஜும் கேஸும் வேண்டாம். அதற்குக் கொதித்து ஆறிய தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், கலங்கல் குழாய்த் தண்ணீர் கூடாது.

வெள்ளம் வந்தால் நிரம்பிய சிலிண்டரும் மிதக்கும் என்பது பலருக்கு நம்ப முடியாத செய்தி. கேஸும் இரும்புமாக மொத்த எடை 30 கிலோ. அது விலக்கும் தண்ணீர் 35 லிட்டருக்கு மேல். மிதந்து, கவிழ்ந்து, ரப்பர் குழாயை இழுத்துப் பிடுங்கும். ரெகுலேட்டரைக் கழற்றி, மூடியைப் போட்டு, மாடிக்கு ஏற்ற முடியாவிட்டால் சன்னல் கம்பியில் கயிறு போட்டுக் கட்டிவிட வேண்டும்.

தெருவில் பதற்றம் என்றால்

144 தடை உத்தரவு என்பது ஊரடங்கு அல்ல. 2024 ஜூலை முதல் அதே அதிகாரம் புதிய சட்டத்தில் 163ஆம் பிரிவாக இருக்கிறது. பேச்சில் இன்னும் 144தான். பொதுவாக அது கூட்டம் கூடுவதைத்தான் தடுக்கும், தனியாள் பால் வாங்கப் போவதை அல்ல. கடை அடைப்பதும் பஸ் நிற்பதும் பெரும்பாலும் பயத்தால். ஆகவே உத்தரவு என்ன சொல்கிறது, எந்தத் தாலுகாவுக்கு, எத்தனை மணி வரை என்று கேட்டுத் தெரிந்துகொண்டால் பாதிப் பதற்றம் குறையும். நம் சீமையில் சாதி மோதல் வாடை அடித்தால் முதலில் நிற்பது கிராமத்துக்குப் போகும் கடைசி டவுன் பஸ்தான். அன்று சாயங்காலம் நான்கு மணிக்கே பிள்ளைகள் வீடு திரும்பிவிட வேண்டும். பள்ளியில் இருந்து அழைத்துவர இரண்டு ஆள் பெயர் முன்பே கொடுத்திருக்க வேண்டும்.

வெளியூரில் மாட்டிக்கொண்டவர் எப்படியாவது வந்து சேர வேண்டும் என்று கிளம்புவதுதான் ஆபத்து. நம் கணக்கில் உள்ள மகனுக்குத் தூத்துக்குடியில் ஒரு ராத்திரி தங்க இரண்டு வீடு முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். பையில் ஒரு வேட்டி, மாத்திரை, ஐந்நூறு ரூபாய்ச் சில்லறை. 'வரல, இங்கேயே இருக்கேன்' என்று ஒரு எஸ்.எம்.எஸ். போதும். பைக்கில் பாதி டேங்குக்குக் கீழே போகவிடாத பழக்கம் உதவும். பெட்ரோலைப் பாட்டிலில் பிடித்து வீட்டுக்குள் வைப்பது கூடவே கூடாது. தீப்பிடிப்பது ஒரு பக்கம், அந்த நாளில் கையில் பெட்ரோல் பாட்டிலோடு போலீஸிடம் என்ன விளக்கம் சொல்வது?

வீட்டுக்குள்: வண்டிகளைக் காம்பவுண்டுக்குள் ஏற்று. தெருவைப் பார்த்த சன்னல் உள்ள அறையில் யாரும் படுக்க வேண்டாம். முன்வாசல் பூட்டினாலும் புறவாசல் சாவி கைக்கு எட்டும் ஆணியில் தொங்கட்டும். இரண்டு வாளித் தண்ணீர், ஒரு பழைய கம்பளி, வாசலுக்குப் பக்கத்தில். மொட்டைமாடியில் நின்று போனில் படம் எடுப்பது கட்டாயம் வேண்டாம். கல் எறிகிறவனும் லத்தி பிடித்தவனும் ஒன்றுபோல உங்களைத்தான் நிமிர்ந்து பார்ப்பார்கள். கண்ணீர்ப்புகை உள்ளே வந்தால் கண்ணைக் கசக்காமல் வெறும் தண்ணீரால் கழுவ வேண்டும், எண்ணெயோ கிரீமோ தடவக் கூடாது.

எச்சரிக்கை வந்த அன்று

கனமழைக்குச் சிவப்பு எச்சரிக்கை என்று சேதி வந்தால் கையில் இருப்பது ஒரு பகல் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் ஒரு மணி நேரம் தண்ணீர்: தொட்டி, கேன், குடம், வாளி, குக்கர்வரை எல்லாம் நிரப்பு. அதே நேரத்தில் எல்லா போனும் டார்ச்சும் சார்ஜில். பிறகு பைக்கை மேட்டுக்கு அனுப்பு. பிறகு பத்திரங்கள்: ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, பிள்ளைகளின் சான்றிதழ், பாஸ்புக், இன்சூரன்ஸ். இரண்டு ஜிப் கவர், ஒன்றுக்குள் ஒன்று, மாடியில். டிஜிலாக்கரில் இருக்கிறது என்பது இணையம் வந்த பிறகு உதவும். 2023 வெள்ளத்துக்குப் பிறகு கடுமையாகப் பாதித்த தாலுகாக்களுக்கு 6,000 ரூபாயும் மற்ற இடங்களுக்கு 1,000 ரூபாயும் ரேஷன் கடை வழியாகத்தான் வந்தது. பிறகு அரிசி, பருப்பு, துணி. ஃபிரிட்ஜைத் தூக்க முயன்று முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் மற்றது ஒன்றும் நடக்காது, அது கடைசி.

ஆச்சியை எப்போது நகர்த்துவது என்பதுதான் எல்லா வீட்டிலும் தாமதமாகும் முடிவு. தண்ணீர் வாசலுக்கு வந்த பிறகு என்றால் தூக்கிச் செல்ல நான்கு ஆள் வேண்டும். தெருமுனைக்கு வந்தபோதே என்றால் ஆட்டோ போதும். குறுக்குத்துறை முருகன் கோயில் மண்டபத்தை ஆறு மூடிவிட்டது என்ற சேதி வந்ததும் ஆச்சி பாளையங்கோட்டை மகள் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும் என்று ஒரு அடையாளத்தை முன்பே முடிவுசெய்து வைத்தால், அன்று விவாதம் இருக்காது. இன்சுலினும் ஊசியும் ஆச்சியோடு போக வேண்டும்.

இருப்பைப் பார்க்க வருடத்துக்கு இரண்டு நாள் போதும்: வடகிழக்குப் பருவமழைக்கு முன் புரட்டாசியில் ஒரு ஞாயிறு, வெயிலுக்கு முன் பங்குனியில் ஒரு ஞாயிறு. பிளீச்சிங் பவுடரை முகர்ந்து பார்த்துச் செத்திருந்தால் மாற்றலாம், மாத்திரைத் தேதி பார்க்கலாம், டப்பா அரிசியை இட்லிக்குப் போட்டுவிட்டுப் புதிதாக நிரப்பலாம். டார்ச்சுக்கும் ரேடியோவுக்கும் உள்ள செல்லை உள்ளேயே போட்டு வைத்தால் கசிந்து கம்பி பச்சை பிடித்துவிடும். வெளியே எடுத்து, ரப்பர் பேண்டு போட்டு, அதோடு சேர்த்துக் கட்டி வைக்க வேண்டும்.